துணையாள் ஒருவருக்கு மட்டும்

கண்டக்டருக்குக் கண் போனது சரக்கால். ஊரில் பாதிப் பேர் குண்டு விழுந்து போனது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவரும் யாரையும் திருத்தப் போகவில்லை.

அந்நியப் படை ஊருக்குள் நுழைந்து பஸ் டிப்போவைப் பிடித்துக்கொண்ட அன்று, இனி வண்டி ஓடாது என்று தெரிந்ததும், அவரும் அவருடைய டிரைவரும் ஒரு மெக்கானிக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் உட்கார்ந்து துக்கம் கொண்டாடினார்கள். கடைகள் மூடிக் கிடந்தன. மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு கேன் தூக்கிக்கொண்டு வந்தான். அது குடிக்கிற சரக்கல்ல, பெயின்ட்டில் கலக்குகிற சரக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. மெக்கானிக் வாந்தியெடுத்துப் பிழைத்தான். டிரைவர் செத்துப்போனார். கண்டக்டர் மறுநாள் கட்டிலில் படுத்தபடியே, "லைட்டப் போடேன்டி, இன்னும் விடியலயா?" என்று கேட்டார்.

"மணி பத்து. வெயில் உங்க மூஞ்சியில அடிக்குது" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் அவர் அந்தக் கட்டிலை விட்டு இறங்கியது கக்கூசுக்கு மட்டும்தான். அதற்கும் சுவரைத் திட்டிக்கொண்டே போவார், திட்டிக்கொண்டே வருவார். பார்க்க வருகிறவர்கள், "நாட்டுக்காகக் கண்ணைக் குடுத்தவரு" என்று உருகினால், முகத்தைப் பெரிய மனிதர் மாதிரி வைத்துக்கொள்வார். அடுக்களையிலிருந்து மனைவி குரல் வரும்: "நாட்டுக்காக இல்லீங்க, அரை கேனுக்காக." வந்தவர்கள் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் செருப்பைத் தேடுவார்கள்.

அவளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. காலையில் லாரி வந்து பெண்களை எண்ணி ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டும். சாயங்காலம் எண்ணி இறக்கிவிடும். கையெல்லாம் சலவைச் சோடாவில் வெந்து, சொரசொரவென்று திரும்பி வருவாள். வந்ததும் சோறு வைத்து, அவர் தட்டின் ஓரத்தைத் தொடவைத்து, "இதாவது தானா வாய்க்குள்ள போகுமா, இல்ல நான் லாரி பிடிக்கணுமா?" என்பாள்.

ஒருநாள் அவள்தான் படையின் அலுவலகத்தில் காத்துக்கிடந்து அந்தச் சீட்டை வாங்கி வந்தாள். கண் டாக்டரிடம் வாரம் ஒருமுறை காட்டப் போவதற்கான சீட்டு. 'பார்வையற்றவர். துணையாள் ஒருவருடன் பாலத்தைக் கடக்கலாம்.' அவ்வளவுதான் அதில் இருந்தது.

அவள் சீட்டோடு திரும்பியபோது வீட்டில் அவள் தம்பியும் இருந்தான். கண்டக்டருக்கு மச்சான். படைக்கு எதிராக ஊருக்குள் ஒளிந்து வேலை செய்கிற கூட்டத்துக்கு அவன் ஒரு முக்கியஸ்தன். எவ்வளவு முக்கியம் என்பதை அவனே சொல்லிக்கொண்டிருப்பான். தண்ணீர் கேட்டால்கூட மேடையில் நின்று கேட்கிற மாதிரி கேட்பான். சீட்டை வாங்கிப் படித்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மாமா, துணையாள் யாருன்னு பேரே போடலையே!"

"போடலைன்னா நீ போட்டுக்கோ."

"புரியலையா மாமா? யாரு வேணும்னாலும் உங்க துணையாள். வாரா வாரம் ஒருத்தரை அந்தப் பக்கம் கொண்டு போயிடலாம். ஆஸ்பத்திரிக்குப் பின் கேட்டைத் தாண்டிட்டா மலைப்பாதை, நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. இங்க மாட்டுனா சுட்டுருவாங்கன்னு பயந்து பரண்லயும் கிணத்துலயும் எத்தனை பேரு கிடக்குறாங்க தெரியுமா? விடுதலை வேள்வியில உங்க இருண்ட கண்கள்..."

"டேய், இருண்ட கண்ணை விடு. மாட்டுனா என்னையும்தானே சுடுவான்?"

"ஆமா."

"அப்ப முடியாது. நான் கண்ணு தெரியாதவன். பாவப்பட்டவன்."

மச்சான் கிளம்பிப் போய்விட்டான். மனைவி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க டிரைவரு செத்தாரு. நீங்க பிழைச்சீங்க. எதுக்குன்னு நினைக்கிறீங்க? இந்தச் சுவரைத் திட்டவா?"

"தெரியலடி."

"எனக்கும் தெரியல. ஆனா தினமும் உங்களுக்குச் சோறு போட்டுட்டு, சாயங்காலம் வந்து அதே சட்டையில அதே இடத்துல பாக்குறேன் பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. போய் சாகுறதா இருந்தாலும் வெளிய போய் சாவுங்க. கொஞ்சம் காத்தாவது படும்."

அவருக்கு அன்று முழுக்கக் கோபம் அடங்கவில்லை. கோபம் அடங்கியபோது, போகலாம் என்று தோன்றியிருந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே விளங்கவில்லை.

முதலில் வந்த துணையாள் ஒரு வாத்தியார். படையைப் பற்றிக் கரும்பலகையில் ஏதோ எழுதிவிட்டு, நான்கு மாதமாக ஒரு விறகுக் கடையில் ஒளிந்திருந்தவர். பயத்தில் கண்டக்டரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. சந்து முனையில் வாத்தியார் கண்டக்டரை நேராகக் கொண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதவிட்டார். அடுத்து ஒரு சாக்கடையில் கால் விட வைத்தார். பாலத்துக் காவல்சாவடிக்குப் பத்தடி முன்னால், மணல் மூட்டையில் முட்டி இடித்ததும் கண்டக்டருக்குப் பொறுமை போயிற்று. தான் எதற்காக வந்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

"யோவ் மூதேவி! கண்ணு எனக்கா இல்ல உனக்கா இல்ல? உன்ன எவன்யா துணைக்கு அனுப்புனது? ஒரு மூட்டை தெரியல உனக்கு! நீ என்னைக் கூட்டிட்டுப் போறியா, இல்ல ஊர்ல இருக்குற கல்லையெல்லாம் எனக்கு அறிமுகப்படுத்துறியா?"

இருபது வருடம் படியில் தொங்கியவர்களை உள்ளே தள்ளிய குரல் அது. சாவடியே திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாவடியின் தலைவன். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் செருமுவான் என்பதால் கண்டக்டர் அவனுக்குச் செருமல் என்றே பெயர் வைத்துவிட்டார். நம் மொழியை ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்திருக்க வேண்டும்.

"ஐயா, தாங்கள் எங்குச் செல்கிறீர்கள்?"

"சுடுகாட்டுக்கு. இந்த ஆளு கூட்டிட்டுப் போனா வேற எங்க போய்ச் சேருவேன்?"

செருமல் சீட்டைப் பார்த்தான். துணையாளைப் பார்க்கவே இல்லை. திட்டு வாங்கித் தலைகுனிந்து நிற்கிறவன் முகத்தை யார் பார்ப்பார்கள்? இருவரும் பாலத்தைத் தாண்டினார்கள். ஆஸ்பத்திரிப் பின் கேட்டில் வாத்தியார் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன்" என்று அழுதார்.

"முட்டி வீங்கியிருக்கு, நானும் உன்ன மறக்க மாட்டேன். ஓடு."

திரும்பக் கூட்டிப்போக ஒரு கம்பவுண்டர் வருவதாக மச்சான் ஏற்பாடு செய்திருந்தான். மச்சானுடைய ஏற்பாடு. கம்பவுண்டர் வரவில்லை. கண்டக்டர் கேட்டருகில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. வெளுக்கிற இடத்தில் மனைவி இருப்பாள். ஆனால் அவளைத் தேடிப்போனால் லாரியின் கணக்கு குழம்பும். ஊரடங்குக்கு முன்னால் பாலத்தைத் தாண்டவில்லை என்றால் கேள்வி வரும். யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? உன் துணையாள் எங்கே என்று கேட்டுவிட்டால்?

எழுந்தார். கையில் கோல்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பாலம் வரை இறக்கம். அந்த இறக்கத்தில் டிரைவர் வண்டியை நியூட்ரலில் விடுவார் என்பது நினைவுக்கு வந்தது. காலை இறக்கத்துக்குக் கொடுத்து, சாலையோரக் கல்லைச் செருப்பால் தேய்த்துக்கொண்டே போனார். ராணுவ லாரிகள் தோளை உரசினாற்போல் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

பாலத்தில் நடுப்பகுதி குண்டில் போய், பலகை போட்டு ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. காலையில் வாத்தியாரோடு எப்படியோ தாண்டிவிட்டார். இப்போது முதல் பலகையில் கால் வைத்ததும் அது ஆடியது. கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் நான்கு பக்கமும் கேட்டது. கால் மரத்துப்போனது.

"நீ நிம்மதியாப் போய்ச் சேந்துட்டே" என்று டிரைவரிடம் சத்தமாகவே சொன்னார். "வண்டியை நடு ரோட்ல விட்டுட்டு இறங்கிப் போயிட்டே. நான் என்னடா பண்ணுவேன்?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. கண்டக்டர் கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்ததும், வேறு வழியே இல்லை என்பதால், மண்டிபோட்டு நாலு காலில் போனார். பலகையின் ஆணிகளைக் கையால் தடவித் தடவி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, பகை ராணுவத்தின் கண் முன்னால் தவழ்ந்து போனார். சாவடியிலிருந்து சீட்டியடித்தார்கள். பலகை முடிந்து இரும்பு கையில் பட்டபோது, எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் நடுக்கத்துக்குள்ளே வேறொன்றும் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஐயா, தங்கள் துணையாள் எங்கே?" என்று கேட்டான் செருமல்.

"ஓடிட்டான். நான் நாலு வார்த்தை நல்லதா சொன்னது பிடிக்கலயாம்."

செருமல் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கண்டக்டர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, மனைவி அவர் உள்ளங்கையில் இருந்த சிராய்களை எடுத்துக்கொண்டே, "அதான் பொருத்தமான காரணம். உங்ககூட எவன் ஒரு நாள் இருப்பான்?" என்றாள்.

அதிலிருந்து அதுவே வழியாயிற்று. வாரம் ஒரு துணையாள். சாவடிக்கு முன்னால் கண்டக்டர் அவனைக் கிழிகிழியென்று கிழிப்பார். சாயங்காலம் தனியாகத் திரும்பி, ஓடிவிட்டான் என்பார். அச்சகத்துக்காரர் ஒருவர், நர்ஸ் ஒருத்தி, வக்கீல் குமாஸ்தா, இரண்டு ரயில்வேக்காரர்கள். வக்கீல் குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்து சாவடியிலேயே திருப்பித் திட்ட ஆரம்பித்துவிட்டான். அதைக் கேட்டுச் செருமலுக்கு ரொம்பத் திருப்தி. இதற்குள் கண்டக்டர் ஒரு கோல் செய்துகொண்டார். பலகையை நின்றுகொண்டே தாண்டப் பழகினார். எந்த வீட்டில் கதவு கிறீச்சிடும், எந்தத் திருப்பத்தில் காற்று மாறும் என்பதெல்லாம் தானாக உடம்பில் ஏறிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களிலும் வெளியே கிளம்பினார். மனைவி லாரியிலிருந்து இறங்கும்போது தெரு முனையில் நிற்பார். "சட்டை மாத்தியிருக்கீங்க" என்றாள் ஒருநாள். அதற்கு மேல் பாராட்ட அவளுக்குத் தெரியாது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது செருமல் ஒரு நல்ல காரியம் செய்தான்.

"ஐயா, தாங்கள் படும் துன்பத்தைக் கண்டு என் உள்ளம் வருந்துகிறது. தங்கள் நாட்டவர் இரக்கமற்றவர்கள். வாரந்தோறும் தங்களைக் கைவிட்டு ஓடுகிறார்கள். எனவே என் வீரன் ஒருவனைத் தங்களுக்கு நிலையான துணையாளாக நியமிக்கிறேன். இவன் ஓட மாட்டான்."

கண்டக்டர் அவசரமாகக் கையை ஆட்டினார். "வேணாங்க. நான் ரொம்ப மோசமான ஆளு. வாய் ஆகாது."

"அறிவேன். இவன் பல ஆண்டுகள் கோவேறு கழுதைகளைப் பராமரித்தவன். கழுதைகள் அனைத்தும் குண்டுவீச்சில் இறந்துவிட்டன. தங்களுக்குப் பொருத்தமானவன்."

கழுதைக்காரன் வாரா வாரம் காலையில் வீட்டுக்கே வந்துவிடுவான். வந்த புதிதில் நம் மொழியில் அவனுக்கு இருபது வார்த்தைதான் தெரியும். கண்டக்டர் தன் திறமை முழுவதையும் அவன்மேல் காட்டினார். பரம்பரையை இழுத்தார், மூஞ்சியை இழுத்தார், அவன் அரசனை இழுத்தார். அவன் "சரி, சரி" என்பான். நாக்கை மடித்து 'டொக்' என்று ஒரு சத்தம் எழுப்புவான். அது கழுதைக்கானது என்று கண்டக்டருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாக நகர்ந்தது. அவன் யாரையும் போல் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அரை அடி முன்னால் நின்று தன் முழங்கையை நீட்டுவான். "கல்லு. மெல்ல. இப்போ படி" என்பான். அதுவரை வந்த எல்லோரையும்விட அவன் நல்ல துணையாள். கண்டக்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கண்டக்டர் ஓயாமல் சொல்கிற 'மூதேவி' என்பது மரியாதைச் சொல் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒருநாள் காலை, லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து அன்பாக, "வணக்கம் மூதேவி" என்றான். அவள் அன்று முழுக்க துணி பிழிந்துகொண்டே சிரித்ததாகக் கேள்வி.

ஆனால் ஒரு மாதமாக யாரும் பாலத்தைத் தாண்டவில்லை. மச்சானுக்கும் ஆபத்து வந்தது. அச்சகத்தைச் சோதனை போட்டதில் அவன் படம் கிடைத்து, ஊர் முழுக்கச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஓடிவந்து அக்கா வீட்டுப் பரணில் ஏறிக்கொண்டான். கீழே கழுதைக்காரன் டீ குடிப்பான். மேலே மச்சான் தும்மலை அடக்கிக்கொண்டு பழைய பாய்களுக்கு நடுவில் கிடப்பான்.

"நான் போயாகணும் மாமா. நான் இல்லாம மலையில எல்லாரும் தவிச்சுக்கிட்டு இருப்பாங்க."

"நீ இருந்தும் இங்க நாங்க தவிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கோம்."

வழி சொன்னது மனைவி. "சீட்டுல துணையாள் ஒருத்தர்னுதானே இருக்கு? குருடர் எத்தனை பேருன்னு எங்க போட்டிருக்கு?"

மூன்று நாள் கண்டக்டர் மச்சானுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தார். ஜன்னலை மூடி, அவன் கண்ணில் இரட்டை மடிப்புத் துணியைக் கட்டி, வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டார். மச்சான் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு பேய் போல வந்தான்.

"கையை இறக்கு. எந்தக் குருடனும் அப்படி நடக்க மாட்டான்."

"எப்படி மாமா தெரியுது உங்களுக்கு, நான் கையை நீட்டுறது?"

"என் மூக்குல இருக்கு உன் விரல்."

கட்டைத் தளர்த்தி அடியில் ஒரு கோடு வெளிச்சம் பார்த்துக்கொள்கிறேன் என்றான் மச்சான். கண்டக்டர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பாக்குறவன் நடை வேற, பாக்காதவன் நடை வேற. அவன் கழுதையையே கண்ணாப் பாத்து வளத்தவன், கண்டுபிடிச்சிருவான்."

புறப்படுகிற அன்று காலை மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த சோப்புத் தண்ணீரை அவன் கண்ணில் ஊற்றினாள். விடுதலை வேள்வியின் முக்கியஸ்தன் ஆறு வயதுப் பிள்ளை மாதிரி அலறினான். "வாயை மூடுடா, நல்லா வீங்கட்டும்" என்று இன்னும் ஒரு கை ஊற்றினாள். தம்பியின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக் கட்டைப் போட்டபோது மட்டும் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கண்டக்டருக்குக் கேட்டது. கழுதைக்காரன் வந்ததும், கண்டக்டர் சொன்னார்:

"இது என் பெரியம்மா பையன். கண்ணு நோவு. இவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

கழுதைக்காரன் யோசித்தான். "ரெண்டு கழுதை. ஒரு கயிறு. சரி."

கழுதைக்காரன் முழங்கையைக் கண்டக்டர் பிடித்துக்கொள்ள, கண்டக்டரின் சட்டைப் பின்புறத்தை மச்சான் பிடித்துக்கொள்ள, மூவரும் சுவர் நெடுக ஒட்டியிருந்த மச்சான் படங்களைத் தாண்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள்.

செருமல் செருமினான். "இவர் யார்? இவருக்குச் சீட்டு எங்கே?"

"சீட்டு வாங்கத்தான் போறான். டாக்டர் குருடன்னு எழுதிக் குடுத்தாதானே சீட்டு குடுப்பீங்க? சீட்டு குடுத்தாதானே டாக்டர்கிட்ட போக முடியும்? நீங்களே சொல்லுங்க, முதல்ல எதை வாங்குறது?"

செருமலுக்கு அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. ஆனாலும் கிட்டே வந்தான். "கட்டை அவிழ்க்கவும்."

சட்டையைப் பிடித்திருந்த மச்சானின் கை விறைத்தது. துணி விலகுகிற சத்தம்.

"ரொம்பப் பக்கத்துல போகாதீங்க" என்றார் கண்டக்டர் சாவதானமாக. "ஒட்டிக்கிற நோவு. பாத்தாலே வந்துருதாம். எங்க தெருவுல நாலு பேருக்கு ஒழுகுது."

செருமல் இரண்டடி பின்னால் பாய்ந்தது பூட்ஸ் சத்தத்தில் தெரிந்தது. "மூடுங்கள்! விரைந்து செல்லுங்கள்!"

நடுப் பலகையில் மச்சான் நின்றுவிட்டான். சட்டை பின்னால் இழுபட்டது.

"மாமா, ஆடுது."

"ஆடத்தான் செய்யும்."

"என்னால முடியாது மாமா. விழுந்துருவேன். கட்டை எடுத்துர்றேன்."

"கட்டுல கை வச்சே, நானே தள்ளிவிட்டுருவேன்." கண்டக்டர் பின்னால் கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அது நனைந்திருந்தது. இந்தப் பலகையில் தான் எப்படி நின்றோம் என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தார், கையில் அகப்படவில்லை. "இங்க பாரு, காலுக்கு அடியில இருக்குற பலகையை மட்டும் நினை. ஆத்தை நினைக்காதே. நாட்டையும் நினைக்காதே. எடு காலை. முன்னால போ, முன்னால போ, இடம் இருக்கு பாரு!"

கடைசிச் சொற்கள் தானாக வாயில் வந்தன. மச்சான் விம்மிக்கொண்டே கால் எடுத்தான்.

ஆஸ்பத்திரியில், கழுதைக்காரன் பீடி பிடிக்க முன் வாசலில் உட்கார்ந்ததும், மச்சான் பின் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். தன் பெரியம்மா பையனை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்று கண்டக்டர் சொன்னார். "சரி" என்றான் கழுதைக்காரன். இறக்கத்தில் பாதி தூரம் வந்த பிறகு, அவன் நின்றான்.

"உன் ஆளு, குருடு இல்ல."

கண்டக்டரின் கை அவன் முழங்கையை விட்டது.

"கட்டு எடுத்தப்ப அவன் கண்ணு துப்பாக்கிய பாத்துச்சு. நான் பாத்தேன். அவரு பாக்கல." நாக்கை மடித்து மெல்ல 'டொக்' என்றான். "என் கழுதை எல்லாம் செத்துச்சு. அதுங்களுக்கு என்ன சண்டை? யாரும் கேக்கல." பிறகு முழங்கையை நீட்டி, "வா மூதேவி. மெல்ல" என்றான்.

அன்று வழி நெடுக, அவனைத் திட்ட ஒரு வார்த்தைகூடக் கண்டக்டருக்குக் கிடைக்கவில்லை. இவன் மாட்டினால் இவனையும் சுடுவார்கள் என்று முதல்முறையாக நினைத்தார். வீட்டு வாசலில், "உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாளில் மலையிலிருந்து வரும் ரகசிய ரேடியோவில் மச்சானின் குரல் கேட்டது. பாலத்துக் காவல்சாவடியின் நடுவே, பகைவர் கண்ணில் மண்ணைத் தூவி, நிமிர்ந்து நடந்து வந்தாராம். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒழுங்கா வாயை மூடிட்டு இருக்கத் தெரியுதா இவனுக்கு!"

மறுநாளே படையின் மேலிடத்து ஆட்கள் வந்து சாவடியில் இருந்தவர்களை எல்லாம் பிடித்துப்போனார்கள். செருமல், கழுதைக்காரன், எல்லோரையும். அடுத்து கண்டக்டரைக் கொண்டுபோய் டிப்போவின் பழைய சாமான் அறையில் வைத்து அறைந்தார்கள். டயர் வாசனையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கே கதவு, எங்கே சுவர் என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் நிலைக்கு வந்தது. பாலத்தைத் தாண்டியது யார், உன்னோடு வந்தது யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். இரண்டு பல் போயிற்று. அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "நான் குருடங்க. யாரு வந்தாங்க, எப்படி இருந்தாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?" கண் போன நாளிலிருந்து கட்டிலில் கிடந்து சொன்ன அந்தச் சாக்கை, வெளியே வந்த பிறகு அவர் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். மூன்றாம் நாள், சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு அவரை வெளியே தள்ளினார்கள். "கழுதைக்காரன் நல்ல பையன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று போகிற போக்கில் சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒரு அறை விழுந்தது.

அடுத்த கோடைக்குள் அந்தப் படை ஊரை விட்டு ஓடியது. மச்சான் மாலையோடு திரும்பி வந்தான். பெரிய மைதானத்தில் கூட்டம். முன் வரிசையில் கண்டக்டரையும் மனைவியையும் உட்காரவைத்தார்கள். ரேடியோவில் நடந்து வந்தவர், மேடையில் நீந்தி வந்தார். கொட்டும் மழை, சுழித்தோடும் ஆறு, பல்லில் கடித்த கத்தி.

"கத்தியா?" என்றாள் மனைவி. "காய் நறுக்கத் தெரியாது இவனுக்கு."

கண்டக்டர் எழுந்தார். கோலைத் தட்டிக்கொண்டு, சத்தம் வந்த பக்கமாகப் போய், படியேறி, மைக்கைத் தடவிப் பிடித்தார். கூட்டம் கைதட்டியது. குண்டில் கண் இழந்த தியாகி பேசப்போகிறார் என்று யாரோ அறிவித்தார்கள்.

"குண்டு இல்லீங்க. சரக்கு. பெயின்ட்ல ஊத்துறது. என் டிரைவரு அதுல செத்தாரு. அவரு நல்ல மனுஷன், வண்டி அருமையா ஓட்டுவாரு" என்றார் கண்டக்டர். "என் மச்சான் நீந்தல. அவனுக்கு நீச்சல் தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுகிட்டே வந்தான். அதுக்கே தைரியம் வேணும், நான் குறை சொல்லல. எங்க ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது அவங்க படை ஆளு ஒருத்தன். தெரிஞ்சும் காட்டிக்குடுக்கல. பேரு தெரியாது. கழுதை மேச்சவன், பேசுறப்ப நாக்கை மடிச்சு டொக்குன்னு ஒரு சத்தம் போடுவான். அவங்க படையில நம்மகிட்ட பிடிபட்ட கைதிங்கள்ல அப்படி யாரையாவது பாத்தீங்கன்னா எனக்குச் சொல்லுங்க."

மைதானத்தின் பின்வரிசையில், எப்போதோ மலையிலிருந்து திரும்பி வந்திருந்த அந்த வாத்தியார் சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. மச்சான் மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்ததாக மனைவி வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்.

கழுதைக்காரனைப் பற்றி யாரும் வந்து சொல்லவில்லை. கைதிகள் இருந்த கொட்டகைகளுக்குக் கண்டக்டர் தனியாகவே போய் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தார். அங்கே அப்படி ஒருவன் இல்லை. மச்சான் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

"உங்களாலதான்" என்றாள் மனைவி.

"ஆமா" என்றார் கண்டக்டர். "இன்னொரு கூட்டம் எப்பன்னு விசாரி."